கிரிட்டிக்கலும் சீரியஸும்

பரமக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் 'சீரியஸ்' என்ற சொல்லை யாரும் சும்மா சொல்ல மாட்டார்கள். போன் வந்து, "பெரியப்பா சீரியஸா இருக்காக, கெளம்பி வாங்க" என்று சொன்னால், என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மாற்றுச் சேலை ஒன்றை மடித்துப் பைக்குள் வைப்பாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று கேட்க மாட்டாள். உயிர் போய்விட்டது என்று நேராகச் சொன்னால் கேட்பவர் வழியிலேயே விழுந்துவிடுவார் என்பதால் அப்படிச் சொல்வது வழக்கம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். பஸ் ஏறி, தெருமுனையில் இறங்கி, பந்தலைக் கண்ணால் பார்க்கும் வரைக்கும் அந்த ஒரு சொல் ஆளைத் தாங்கிக்கொண்டு வரும். அது ஆங்கிலச் சொல் என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

'கிரிட்டிக்கல்' என்பதை நான் ஓசூருக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தார். கல்யாணமான புதிதில், வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டே தன் வேலையை எனக்கு விளக்குவார். எவர்சில்வர் தட்டைக் காட்டி, "இதுதான் பார்ட்டுன்னு வெச்சுக்க. இந்த விளிம்பு கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாப் பரவால்ல. ஆனா இந்தா இந்த ஓட்டை இருக்கு பாரு, இது கிரிட்டிக்கல். இத மட்டும் ஒண்ணு விடாம அளந்து பாக்கணும்" என்பார். தட்டில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று நான் கேட்பேன். அவர் ரசத்தைத் தொட்டு ஒரு வட்டம் போட்டுக் காட்டுவார்.

பிறகு நானும் கார்களுக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேயும் அந்தச் சொல் இருந்தது. லைனில் சில இடங்களைக் கிரிட்டிக்கல் ஸ்டேஷன் என்பார்கள். கை பழகிய பெண்களைத்தான் அங்கே நிறுத்துவார்கள். என்னை முதன்முதலாக அந்த இடத்தில் நிறுத்திய அன்று அவர் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி வந்தார். ஆக, கிரிட்டிக்கல் என்றால் எனக்குக் கூடுதல் கவனம், கூடுதல் மரியாதை. கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது. அதற்கு வேறொரு அர்த்தம் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு ஒரு சந்தர்ப்பமும் வந்ததில்லை.

எங்கள் கல்யாணத்தில் மாமனாருக்குச் சம்மதம் இல்லை. நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், ஆனால் வேறு வேறு சாதி. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு நேராக ஓசூருக்கு வந்துவிட்டோம். அத்தை மட்டும் மாமா வயலுக்குப் போன நேரம் பார்த்துப் போன் பண்ணுவார்கள். மாமா மகனோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை. அவர் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. என் பக்கம் அம்மா மட்டும்தான். அவளுக்கு மூட்டு வலி, நீண்ட பயணம் ஆகாது.

அன்று அவர் ராயக்கோட்டைப் பக்கம் இருக்கும் ஒரு சின்னப் பட்டறைக்குப் பாகங்களைச் சோதிக்கப் போயிருந்தார். சாயங்காலம் பைக்கில் திரும்பும்போது, உத்தனப்பள்ளி தாண்டி, தக்காளி ஏற்றிக்கொண்டு தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஏறிய ஒரு டெம்போவில் மோதிவிட்டார். ஹெல்மெட் போட்டிருந்தார். ஆனாலும் தலையில் அடி. டெம்போக்காரரும் பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் தக்காளிப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அதே வண்டியில் அவரைப் படுக்க வைத்து ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டை முழுக்கச் சிவப்பு. பாதி தக்காளிச் சாறு என்று அந்த டெம்போக்காரர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "தக்காளிதாம்மா அது, தக்காளிதான். பயந்துக்காதம்மா."

அங்கிருந்து அவரை எல்லை தாண்டி, கர்நாடகப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் என்னோடு எங்கள் வீட்டு ஓனரம்மா வந்தார். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் பேசுவது தெலுங்கு, கடைக்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். வாடகைக்கு வந்த நாளிலிருந்து குழாய்த் தண்ணீருக்காக என்னோடு சண்டை போட்டவர். அன்று நான் கூப்பிடாமலே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலையில்தான் பெரிய டாக்டர் வெளியே வந்தார். அவருக்குத் தமிழ் வராது. கன்னடமும் இங்கிலீஷும்தான். முகத்தில் மாஸ்க். ஓனரம்மா குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தார். டாக்டர் என்னிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். தமிழ் வழியில் படித்த எனக்கு நன்றாகப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான். கிரிட்டிக்கல்.

நான் தலையாட்டினேன். "ஓகே சார். தேங்க்யூ சார்" என்றேன். அவர் ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

அத்தைக்குப் போன் போட்டேன். "ஆபரேசன் முடிஞ்சிருச்சு அத்தை. இப்ப கிரிட்டிக்கலா இருக்காராம்."

"அப்டின்னா என்னத்தா?"

"ரொம்பக் கவனமாப் பாத்துக்கிறாங்கன்னு அர்த்தம். பக்கத்துலயே நர்ஸ் நிக்கிறாங்க. மெஷின்லாம் வெச்சிருக்காங்க."

அத்தை மூச்சு விடுவது கேட்டது. "மாமாட்டச் சொன்னேன்த்தா, அடிபட்ட சேதிய. ஒண்ணுஞ் சொல்லல. எந்திரிச்சு வெளிய போயிட்டாக. நான் மட்டும் எப்படித்தா வர்றது? கவனமாப் பாத்துக்கிறாகல்ல? அது போதும்." கோயிலுக்குக் காசு முடிந்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அதே சொல்தான். டாக்டர் வருவார். "ஸ்டில் கிரிட்டிக்கல்" என்பார். நான் தலையாட்டுவேன். காத்திருக்கும் கூடத்தில் வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள். அங்கே எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அசாமிலிருந்து வந்து தளியில் ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்க்கும் குடும்பம், அஞ்செட்டியிலிருந்து மாடு முட்டி வந்த ஒருவருடைய அண்ணன் தம்பிகள், ஆனேக்கல் பக்கத்து விவசாயிகள். சுவரோரத்தில் போனுக்குச் சார்ஜ் போட இடம் பிடிப்பதுதான் பெரிய பாடு. நான் என் முறை வந்ததும் போனைச் சொருகிவிட்டு, கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். பார்க்க விடும் நேரத்தில் உள்ளே போனால் அவர் தலை முழுக்கக் கட்டு, வாயில் குழாய். மெஷினில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நர்ஸ் அவரை விட்டு நகராமல் எதையோ பார்த்து எழுதிக்கொண்டே இருப்பாள். நல்லாத்தான் கவனிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவர் பாகங்களை அளப்பது மாதிரியே அவரையும் அளக்கிறார்கள் என்று கூட ஒருநாள் நினைத்தேன்.

அவர் கம்பெனியிலிருந்து ஹெச்.ஆர். சார் வந்தார். சேலம் பக்கத்துக்காரர், பொறுமையானவர்.

"பெரிய டாக்டர்கிட்டப் பேசினேன்ங்க மேடம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஊர்ல பெரியவங்களுக்குச் சொல்லிட்டீங்ளா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன் சார். கிரிட்டிக்கல்தானாம். நல்லாப் பாத்துக்கிறாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க மேடம், என்ன வேணும்னாலும் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி என்று நினைத்தேன்.

என்னோடு லைனில் நிற்கும் பெண்கள் வந்தார்கள். நான் இட்லி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர்களுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவர்களில் ஒருத்தி என்னிடம் சொன்னாள், "ஒனக்கு நெஞ்சு கல்லுடின்னு நெனச்சோம். இல்லாட்டி ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு."

எத்தனையாவது நாள் என்று நினைவில்லை. ஒரு காலை, டாக்டர் அவசரமாக வந்தார். பின்னாலேயே இன்னொரு நோயாளிக்காக யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்துகொண்டே, மாஸ்க்குக்குள்ளிருந்து என்னிடம் சொன்னார். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: இப்போது சீரியஸ், வீட்டாருக்குத் தெரிவிக்கலாம்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவர் போய்விட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலி வரைக்கும் வந்தேன். இத்தனை நாள் நன்றாகப் பார்த்துக்கொண்டார்களே, நேற்றுக்கூடப் பச்சைக் கோடு ஓடியதே என்று மனதுக்குள் யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தேன். வீட்டாருக்குத் தெரிவி என்று டாக்டரே சொன்ன பிறகு அதில் என்ன வாதம் இருக்கிறது?

அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்தை... சீரியஸ்னு சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம். தூரத்தில் அத்தை கத்துவது கேட்டது. வேறொரு கை போனை எடுத்தது.

"எப்ப?"

ஆண் குரல். கனத்த, வறண்ட குரல். அது மாமா என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

"இப்பத்தான் மாமா சொன்னாங்க."

"நாங்க வர்றோம். வர்ற வரைக்கும் எதையும் செஞ்சுறாதீக."

வைத்துவிட்டார். எதையும் செஞ்சுறாதீக என்றால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதே என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது இறுதிக் காரியங்களை. 'எப்ப' என்று அவர் கேட்டது, எப்போது உயிர் போனது என்று. இப்பத்தான் என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஓனரம்மா ரசம் சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டார். நான் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னாம்மா? என்னா ஆச்சு?"

"சீரியஸ்னு சொல்லிட்டாங்கம்மா."

அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இரு. நானு போயி அந்த நர்ஸ கேக்கறேன். அவ இங்க பக்கத்துல அத்திபெலெ ஊருப் பொண்ணு. நம்ம பாஷையில சொல்லுவா."

கண்ணாடிக் கதவருகே போய் நர்ஸைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் பேசினார். நர்ஸ் கையை மேலே தூக்கிக் காட்டினாள், பிறகு கொஞ்சம் கீழே இறக்கிக் காட்டினாள். ஓனரம்மா திரும்பக் கேட்டார். நர்ஸ் திரும்பவும் கையை மேலே வைத்து, கீழே இறக்கினாள். சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கோபம் வந்தது.

ஓனரம்மா ஓடி வந்தார். அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"அய்யோ, பைத்தியமே! சீரியஸ்ன்னா ஜாஸ்தி இல்லம்மா, கம்மி! மூச்சுக் கொழாய எடுத்துட்டாங்களாம். அவரே மூச்சு விடறாராம். முன்னாடி கிரிட்டிக்கல்லா இருந்துச்சு, அதுதான் ரொம்ப மோசமாம். இப்ப அதுலருந்து எறங்கி சீரியஸ்க்கு வந்துட்டாராம். நல்ல சேதிம்மா இது! வீட்டுக்குச் சொல்லுன்னு அதுக்குத்தான் டாக்டரு சொன்னாராம்!"

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸும் வெளியே வந்து என் தோளைப் பிடித்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழில், "பயம் பேடா அக்கா. அந்த நாள்லாம் தும்ப கஷ்டம். உயிரு இருக்குமோ போகுமோ, நமக்கே கொத்தில்ல, தெரியாது. நீங்க தைர்யமா நின்னீங்க. நாங்க எல்லாம் பேசிக்கிட்டோம், எவ்ளோ தைர்யம் இந்த அக்காக்குன்னு" என்றாள்.

எனக்கு அவர் பிழைத்துவிட்டார் என்பது முதலில் ஏறவில்லை. ஏறியது இன்னொன்று. இத்தனை காலையும் அந்த டாக்டர் என் முன்னால் வந்து நின்று, உன் புருஷன் இன்று இறந்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். நான் தேங்க்யூ சார் என்று சொல்லியிருக்கிறேன். ஹெச்.ஆர். சார் கண்ணாடியைத் துடைத்தது தூசிக்காக இல்லை. நான் இட்லி தின்றபோது, போனுக்குச் சார்ஜ் போட இடம் பிடித்தபோது, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என் புருஷனுக்கு உயிர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்திருக்கிறது. முடிந்துபோன அந்த நாட்களின் பயமெல்லாம் மொத்தமாக அப்போதுதான் வந்து சேர்ந்தது. ஓனரம்மா என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். நான் அப்போதுதான் அழுதேன். அசாம்காரப் பெண் எழுந்து வந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் கொடுத்தாள். யாரோ செத்துவிட்டதாக அவளும் நினைத்திருப்பாள்.

கொஞ்சம் தெளிந்ததும் மாமா சொன்னது நினைவுக்கு வந்தது. எதையும் செஞ்சுறாதீக. அவர் 'எப்ப' என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது. பதறிப்போய் அத்தையின் நம்பருக்குப் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. மாமாவின் நம்பர் என்னிடம் இல்லை. மறுபடி மறுபடி போட்டதில், வெகுநேரம் கழித்து ஒருவர் எடுத்தார். அத்தையின் தம்பி. பின்னால் வண்டி ஓடும் சத்தமும் பெண்கள் அழும் சத்தமும் கேட்டன.

"மாமா, அவர் உசுரோட இருக்காரு மாமா! நான் தப்பாச் சொல்லிட்டேன். நல்லாருக்காரு. தானா மூச்சு விடுறாரு!"

"சரித்தா. சரித்தா."

"நிசமாத்தான் மாமா. சீரியஸ்னா இங்க வேற அர்த்தம்..."

"சரித்தா, அழுகாத. தண்ணி குடி. பக்கத்துல யாராச்சும் பொம்பளையாளு இருந்தாப் போனக் குடு."

அவர் என்னை நம்பவில்லை. அறிவு கலங்கிப் பேசுகிறேன் என்று நினைக்கிறார். நான் ஓனரம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் தன் தமிழில் வேகமாகச் சொன்னார். பாதியிலேயே சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த நம்பர் கிடைக்கவேயில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வந்தார்கள். இரண்டு வேன்கள். முதல் வேனின் முன்கண்ணாடிக்குள் ரோஜா மாலை ஒன்று இலையில் சுற்றி வைத்திருந்தது தெரிந்தது. வண்டி நிற்பதற்குள் பெண்கள் இறங்கி மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன்.

"அழுகாதீக! அவர் இருக்காரு! உசுரோட இருக்காரு!"

யாரோ இரண்டு பெண்கள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதார்கள். நான் திமிறினேன். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒருவர் இறங்கினார். உயரமான, கறுத்த ஆள். தோளில் வெள்ளைத் துண்டு. என் வீட்டுக்காரரின் அதே நெற்றி. அவர் அழவில்லை. என்னைக் கூட்டத்திலிருந்து விலக்கி நிறுத்தி, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"திரும்பச் சொல்லு."

"உசுரோட இருக்காக மாமா. வாங்க, காட்டுறேன்."

ஒருவரை மட்டும்தான் உள்ளே விடுவோம் என்று செக்யூரிட்டி சொன்னார். அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார்கள், எழ முடியவில்லை. மாமா போனார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கொடுத்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மகனைத் தொடவில்லை. கையைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு முன்னால் வைத்தார். மூச்சுப் படுகிறதா என்று பார்த்தார். அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். நர்ஸ் வந்து நேரமாச்சு என்று சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை.

வெளியே வந்து, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் சிமெண்ட் விளிம்பில் உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். "இருக்கான்" என்றார். அவ்வளவுதான். அத்தைக்குக் குரல் உடைந்து கேவல் வந்தது. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, அத்தையின் தம்பியிடம் சொன்னார்: "அந்த மாலைய எடுத்துக் கண்ணுல படாத எடத்துல போட்டுட்டு வா."

அவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தார். தெரியாத ஊர். கடைசியில் ரோட்டைக் கடந்து எங்கோ போய்விட்டு வெறுங்கையோடு வந்தார்.

பிறகு மாமா என்னிடம் திரும்பினார். கோபம்தான் வந்தது. "ஒரு சேதிய ஒழுங்காச் சொல்லத் தெரியாதா ஒனக்கு? படிச்ச புள்ளைதானே? ஊரு பூராம் சொல்லிட்டு வந்திருக்கேன். பந்தல் போடச் சொல்லிட்டு வந்திருக்கேன் என் வீட்டு வாசல்ல."

எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. அன்று காலையிலிருந்து எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. "ஒழுங்காச் சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீகளா மாமா?" என்று கேட்டேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். கம்பெனி பஸ்கள் ஷிஃப்ட் முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஓனரம்மா தூக்குச் சோற்றை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தார். "தின்னுங்கோ பெரியவரே. காலையிலருந்து யாரும் தொடல இத." மாமா அதை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் காலை வேன்கள் திரும்பிப் போயின. பந்தலைப் பிரித்துவிடச் சொல்லி முன்னதாகவே போன் பண்ணியிருந்தார்கள். அத்தையும் மாமாவும் போகவில்லை. அத்தை போகாததில் ஆச்சரியமில்லை. மாமா எதுவும் சொல்லாமல் வேனிலிருந்து தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்று காலை டாக்டர் வந்தபோது நான் அவரை மறித்து நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கிரிட்டிக்கலுக்கு மேலே என்ன, சீரியஸுக்குக் கீழே என்ன. அவர் முதலில் பொறுமை இழந்தார். பிறகு நர்ஸ் அவருக்கு நடந்ததைக் கன்னடத்தில் சொன்னாள். அவர் மாஸ்க்கைக் கழற்றினார். நான் அவர் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் முறை. நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு. அதற்குப் பிறகு தினமும் என்னிடம் பேசும்போது மாஸ்க்கை இறக்கிக்கொண்டு, நின்று பேசினார். ஒவ்வொரு நாளும் ஓனரம்மாவோ நர்ஸோ பக்கத்தில் இருந்தால்தான் பேசினார்.

என் வீட்டுக்காரருக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பியது. முதலில் என்னை அடையாளம் கண்டார். அத்தையைக் கண்டார். மாமாவைப் பார்த்துவிட்டு, வெகுநேரம் கழித்து, "இவரு யாரு?" என்று கேட்டார். மாமா அறையை விட்டு வெளியே போய்விட்டார். மறுநாள் மாமா உள்ளே போனபோது அவர், "அப்பா" என்றார். "ம்" என்றார் மாமா. "எப்ப வந்தீக?" "இப்பத்தான்" என்றார்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் அத்தையும் மாமாவும் எங்களோடு இருந்தார்கள். சின்ன வீடு. ஓசூர்க் குளிர் மாமாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, காலையில் மகனைக் கையைப் பிடித்துத் தெருக்கோடி வரைக்கும் நடத்திக் கூட்டிப்போவார். ஓனரம்மா தண்ணீர் பிடிக்கும்போது அவரைப் பார்த்தால் விவசாயம் பற்றிக் கேட்பார். மாமா அவருக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்வார். என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுவார். ஆனால் பேசினார். எங்கள் கல்யாணம் பற்றி ஒரு சொல் எடுத்ததில்லை, நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு வலது கையில் வந்த நடுக்கம் முழுதாக நிற்கவில்லை. அளவுக் கருவிகளைப் பிடிக்க முடியவில்லை. கம்பெனியில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பேசும்போது சில சொற்கள் சட்டென்று கிடைக்காமல் நிற்பார். நாங்கள் எடுத்துக்கொடுக்காமல் காத்திருக்கப் பழகிக்கொண்டோம். அவருடைய அப்பா எப்படி வந்தார் என்பதை அவரிடம் வெகுநாள் யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கேட்டார். நான் சொன்னேன். பந்தல் வரைக்கும் சொன்னேன். அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய், வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நாற்று விடும் பருவம் வந்ததும் மாமா ஊருக்குக் கிளம்பினார். அத்தையையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தோம். மதுரை பஸ்சில் ஜன்னலோரம் அத்தையை உட்கார வைத்துவிட்டு மாமா கீழே இறங்கி வந்தார். மகனுடைய சட்டைக் காலர் மடிந்திருந்ததைச் சரிபண்ணினார்.

"ஒடம்பப் பாத்துக்க."

"சரிப்பா."

என் பக்கம் திரும்பினார். "வாரேன்த்தா. அறுப்புக்கு ரெண்டு பேரும் வந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பஸ்சில் ஏறிவிட்டார். பஸ் கிருஷ்ணகிரி ரோட்டில் திரும்பும் வரைக்கும் நின்றோம். பிறகு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். அவருக்கு மாத்திரை போடும் நேரமாகியிருந்தது.